விசிறி விமானத்து மாப்பிள்ளை

என் தாய்மாமாவுக்கு விமானத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பேப்பரில் வந்த ஒரே ஒரு படம். மூக்கில் விசிறி இல்லாத ஜெட் விமானத்தின் படம். அதை வைத்துக்கொண்டுதான் அவர் எனக்கு வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு இந்த வயதிலும் வயிறு எரிகிறது.

மாமா தக்கலையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. கோட்டும் குடையுமாகப் பஸ் ஏறிப் போய்ப் பஸ் ஏறி வருவார். வக்கீல் வாங்கும் பேப்பரை வக்கீலுக்கு முன்னால் படித்துவிடுவார், அதனால் உலகத்தில் அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது. எங்கள் வீட்டில் அப்பா இருந்தார், உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு, வயலைப் பார்த்துக்கொண்டு. ஆனால் எங்களவர்களிடம் தாய்மாமன் வைத்ததே சட்டம் என்கிற மருமக்கள் வழி சட்டப் புத்தகத்திலிருந்து போனதே தவிர வீட்டை விட்டுப் போகவில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, மாட்டை விற்பது, கிணற்றைத் தூர் வாருவது, எதுவானாலும் அம்மா, "அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்" என்பாள். அப்பா தோளில் துண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

நான் அப்போது நாகர்கோவிலில் இன்டர்மீடியட் முடிக்கிற வருஷம். கணக்கும் பிஸிக்ஸும் எடுத்திருந்தேன். திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு நாம் தமிழ்நாட்டோடு சேரப் போகிறோம் என்று பஸ்ஸிலும் கடையிலும் அதே பேச்சாக இருந்த சமயம். மாசி அறுப்பு முடிந்து முற்றம் முழுக்க நெல் கிடந்தது. அந்த வாரத்தில்தான் அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு அஞ்சுகிராமத்துக்குப் பக்கம் ஊர். பம்பாயில் ஒரு விமானக் கம்பெனியில் மெக்கானிக். சீமையில் புதுவிதமான எஞ்சின் வந்திருக்கிறது, நம் நாட்டுக்கும் அந்த விமானம் வரப் போகிறது, அதைப் பழக்குவதற்கு இவரைப் பொறுக்கி எடுத்து வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். கூட அவருடைய அம்மாவும் அக்காள் புருஷனும் வந்தார்கள். நான் காப்பி கொண்டு வைத்துவிட்டு, வழக்கப்படி உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

எங்கள் அப்பா அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு என்னவோ அவருக்கே ஆசை வந்து, "அந்தப் புது எஞ்சின் எப்படியாக்கும் ஓடுது?" என்று கேட்டார். மாப்பிள்ளை காப்பியைக் கீழே வைத்தார். வேலையைப் பற்றிக் கேட்டதும் மனுஷனுடைய முகமே மாறிவிட்டது. அதுவரை பலியாடு மாதிரி உட்கார்ந்திருந்தவர் சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"முன்பக்கம் வாய் மாதிரி ஒரு திறப்பு. அது வழியா காத்து உள்ள போகும். உள்ள அடுக்கடுக்கா சக்கரம் சுத்தும், அது காத்தை அமுக்கி நெருக்கும். நெருங்கின காத்துல மண்ணெண்ணெயைத் தூவி எரிப்போம்."

"மண்ணெண்ணெயா?" என்றாள் அம்மா, தன்னை மறந்து. "அடுப்புக்கு ஊத்துகதா?"

"கிட்டத்தட்ட அதேதான் அம்மா. பழைய எஞ்சின்ல டப்பு டப்புன்னு விட்டு விட்டு வெடிக்கும். இதுல வெடிப்பே கிடையாது. ஒரு தடவை பத்தவெச்சா அணைக்கது வரைக்கும் நிக்காம எரியும். எரிஞ்ச காத்து விரியும், விரிஞ்சா பின்னால பாயும். பாயுற வழியில இன்னொரு சக்கரத்தை வெச்சிருப்பாங்க. அதைச் சுத்திவிட்டுட்டுத்தான் வெளிய போக முடியும். அதுக்குப் பேரு டர்பைன். அது சுத்துகதுல பாதிக்கு மேல, முன்னால காத்தை அமுக்குகதுக்கே செலவாயிரும். மிச்சத்தைப் பல்சக்கரம் வழியா வேகத்தைக் குறைச்சு விசிறிக்குக் கொடுப்போம். மூக்குல சுத்துகது அந்த விசிறி."

"வேகத்தை எதுக்குக் குறைக்கணும்?" என்று அப்பா கேட்டார். நெல்லையும் மழையையும் தவிர அப்பா எதைப் பற்றியும் இரண்டாவது கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

"டர்பைன் சுத்துக வேகத்துல அவ்வளவு பெரிய விசிறி சுத்தினா, நுனி சத்தத்தை விட வேகமாப் போயிரும். அப்போ காத்தைப் பிடிக்காது, வீணா அலறும்."

எனக்கு நாக்கு அரித்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டுவிட்டேன்: "சூடான காத்து பின்னால பாயும்போதே விமானத்தை முன்னால தள்ளுமே. ஜெட்டு அப்படித்தானே போகுது. பெறவு எதுக்கு விசிறி?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மாமா செருமினார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரித்தாள். மாப்பிள்ளை திரும்பி, கதவைப் பார்த்து, என்னிடமே பதில் சொன்னார்.

"நல்ல கேள்வி. நீங்க வள்ளத்துல நிக்கீங்கன்னு வெச்சுக்கிடுங்க. ஒரு கல்லை முழுப் பலத்தோட பின்னால எறிஞ்சா வள்ளம் இத்தினி முன்னால போகும். அதே பலத்தைத் துடுப்புல போட்டு, நெறைய தண்ணியைப் பைய பின்னால தள்ளினா?"

"கூடுதல் போகும்."

"அதுதான் சங்கதி. ஜெட்டு கல்லெறியுது. கொஞ்சம் காத்து, பயங்கர வேகம். விசிறி துடுப்பு போடுது. நெறைய காத்து, கொஞ்சம் வேகம். ஆகாசத்துல அதிவேகமாப் பறக்கணும்னா கல்லெறிதான் கொள்ளாம், அதுதான் ஒத்துவரும். ஆளை ஏத்திக்கிட்டு நடுவாந்தர வேகத்துல, எண்ணெயை மிச்சம் பிடிச்சுப் போகணும்னா துடுப்புதான் லாபம்."

"அப்போ விமானம் பின்னால இருக்க காத்துல முட்டிக்கிட்டுப் போகல்ல. காத்தை எறியதுனால போகுது."

"அதேதான்!" என்று தொடையில் தட்டினார்.

அந்தத் தட்டலில் நான் விழுந்தேன். வெட்கப்பட என்ன இருக்கிறது? அவர் கறுப்பா சிவப்பா என்றுகூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அதுவரை என்னிடம் யாரும் எதையும் அப்படிச் சமமாகப் பேசியதில்லை. இந்த மனுஷனோடு ஒரு வீட்டில் இருந்தால் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது. போகும்போது அவருடைய அம்மா உள்ளே வந்து என் கன்னத்தைத் தொட்டு, "நல்ல சூட்டிகையான பிள்ளை, எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் மாமா தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"இது சரிப்படாது."

"ஏன் அண்ணே?" என்றாள் அம்மா.

"விசிறி உண்டுன்னு அவனே சொன்னாம்லா? இப்போ வார விமானத்துக்கு விசிறியே கிடையாது. நான் படம் பாத்தேன். விசிறின்னா பழைய மாடல், கட்டைவண்டியாக்கும். நாளைக்கு எல்லாம் ஜெட்டாயிட்டுன்னா இவன் சோலி போச்சு. பெட்டியைத் தூக்கிட்டு அஞ்சுகிராமத்துக்கு வந்து நிப்பான். தரகன் பேச்சைக் கேட்டுப் பிள்ளையைக் கிணத்துல தள்ளப் பாக்கியளா?"

அம்மா தலையாட்டினாள். அப்பா துண்டைத் தட்டினார். உள்ளே காற்றை அமுக்கி எரித்து டர்பைனைச் சுழற்றுவது ஜெட்டில் இருப்பதேதான், அந்தப் புத்தம் புது எஞ்சினுக்குத்தான் விசிறியை மாட்டியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் முன்னால் அந்த மனுஷன் அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டு என்ன? மாமா கண்ணுக்கு வெளியே சுற்றும் விசிறிதான் தெரிந்தது. மாமா கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது.

இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்புறம்தான் அழுது பிரயோஜனம் இல்லை, இவருக்குப் புரியவைத்துவிட்டால் போதும் என்று எனக்குப் பட்டது. மாமா கெட்டவரில்லை, தெரியாமல் சொல்கிறார், தெரிந்தால் சரியென்பார் என்று நம்பினேன். பிஸிக்ஸ் படித்த புத்தி அது. சரியான காரணத்தைச் சொன்னால் எவனும் ஒத்துக்கொள்வான் என்று நினைக்கிற கோட்டிப் புத்தி.

ஞாயிற்றுக்கிழமை மாமா சைக்கிளில் வந்தார். முற்றத்தில் அண்டாவில் நெல் அவிந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு நாற்காலியை அங்கேயே கொண்டு போட்டேன். தென்னோலையில் காற்றாடி ஒன்று செய்து வைத்திருந்தேன். அண்டாவின் மூடியைக் கொஞ்சம் நகர்த்தி, சீறி வந்த ஆவிக்கு நேரே அதைப் பிடித்தேன். விர்ரென்று சுற்றியது.

"மாமா, இதுதான் டர்பைன். ஆவிக்குப் பதில் எரிஞ்ச காத்து. இது பழைய விமானத்துல கிடையாது. ஜெட்டுல உள்ளதாக்கும்."

அவர் எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. "சரி, விசிறி எங்க வந்துது?" என்றார்.

அவருடைய சைக்கிளைத் திருப்பிப் போட்டேன். பின்சக்கரத்துச் சின்னப் பல்சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றினால் சங்கிலி வழியாக மிதிகட்டை எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பலத்தோடு திரும்புகிறது என்று அவருடைய கையையே அதில் வைத்துக் காட்டினேன். விசிறிக்குப் பலம் இப்படித்தான் போகிறது என்றேன். வள்ளத்தையும் கல்லையும் துடுப்பையும் சொன்னேன்.

"அப்போ பின்னால போற சூட்டுக் காத்து? அது சும்மாவா போகுது?" என்று கேட்டார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கேள்வி.

"அதும் கொஞ்சம் தள்ளும் மாமா. ஆனா பெரும் பங்கு விசிறிதான். டர்பைன் பலத்தையெல்லாம் உறிஞ்சிட்டுத்தானே விடுது."

"விமானம் ஏறும்போது ஒரு வேகம், போகும்போது ஒரு வேகம் வேணுமே. எஞ்சினைக் கூட்டிக் குறைப்பானா?"

"எஞ்சின் ஒரே சீரா சுத்தும். விசிறி இலையோட சாய்வைத்தான் மாத்துவாங்க. முறத்தை நிமித்திப் பிடிச்சா ஒரு காத்து, சாய்ச்சுப் பிடிச்சா ஒரு காத்து வருதில்லியா?" சாய்வு மாறும் என்பதை மட்டும் நான் காலேஜ் லைப்ரரிப் புத்தகத்தில் பார்த்துவைத்திருந்தேன்.

"எண்ணெய் மிச்சம்னு சொன்னானே, அது உள்ளதுதானா?"

"உள்ளதுதான் மாமா. அதுக்காகத்தான் கம்பெனிக்காரன் இதை வாங்குகான். இதைப் பழகினவங்க இப்போ கொஞ்சப் பேருதான். சோலி போகாது. ஆளுக்குத்தான் பஞ்சம் வரும்."

மாமா எழுந்து அண்டாவுக்குப் பக்கத்தில் வந்தார். காற்றாடியை என் கையிலிருந்து வாங்கி அவரே ஆவியில் பிடித்துப் பார்த்தார். அது சுற்றச் சுற்ற அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. புரிந்துவிட்டது, இனி கவலையில்லை என்று உள்ளே ஓடி அம்மாவிடம் சொன்னேன். அவளும் அன்றைக்கு மாமாவுக்கு அடை சுட்டுப் போட்டாள்.

அடையைத் தின்று கை கழுவிவிட்டு மாமா சொன்னார்: "எல்லாம் சரிதான். ஆனாலும் இந்த இடம் வேண்டாம். பம்பாய் தூரம். பொறவு, பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது. இவ அங்க போய் நாலு வார்த்தை பேசினா நம்ம வளப்பையில்லா சொல்லுவான். நான் ஆள் சொல்லி அனுப்பிருகேன்."

அவ்வளவுதான். எதற்கும் ஒரு காரணம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது, கேட்டேன். "விசிறின்னு சொன்னதுதானே குத்தம்? அது தப்புன்னு இப்போ ஒத்துக்கிட்டியளே, பெறவு என்ன?" என்று கத்தினேன். அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். மாமாவிடம் எதிர்த்துப் பேசியதற்காக எங்கள் வீட்டில் வாங்கிய முதல் அடியும் கடைசி அடியும் அதுதான்.

பரீட்சை எழுதினேன். நல்லபடியாகவே தேறினேன். பி.எஸ்ஸி. சேர விண்ணப்பம் கேட்டபோது மாமா, "படிச்சதே போதும், இந்தப் படிப்புதான் வாயை வளத்து விட்டுது" என்றார். அதற்கும் அம்மா தலையாட்டினாள். அதோடு நான் அடுக்களையோடு சரி.

ஆடி முடிகிற சமயம் மாமாவும் அத்தையும் வெற்றிலைத் தட்டத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய மகளுக்கு ஆவணியில் கல்யாணம். என்னைவிட ஒரு வயது சின்னவள், முறைக்கு நான் மதினி என்பதால் மைனி மைனி என்று என் பின்னாலேயே திரிகிறவள். ஒரு சூது வாது தெரியாது. மாப்பிள்ளை யார் என்று அப்பா கேட்டார். மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரிஞ்ச பையந்தான். அஞ்சுகிராமம் பக்கம். பம்பாயில விமானக் கம்பெனியில இருக்காம்லா?" என்றார்.

பம்பாய் தூரம் என்று சொன்ன அதே வாய்! கூசவே இல்லை. அப்பா தோளில் கிடந்த துண்டைத் தொடக்கூட இல்லை, அப்படியே இருந்தார். அம்மா உள்ளே வந்து காப்பி போட்டாள். "ஏம்மா, நீ ஒரு வார்த்தை கேக்கமாட்டியா?" என்றேன். "கேட்டா? அண்ணனைப் பகைச்சிட்டு நான் எங்க போய் நிக்க? சும்மா கெட" என்றாள். அவளும் அழுதாள்தான். எனக்கு அது போதவில்லை. இன்றுவரை போதவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நெல் அவித்த முற்றத்தில் அவர் அவ்வளவு அக்கறையாகக் கேட்ட கேள்வியெல்லாம் எனக்காகக் கேட்டதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் நிஜமாகவே அந்த மாப்பிள்ளையைச் செல்லாக்காசு என்றுதான் நினைத்தார். அவன் பவுன் என்று உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். காற்றாடி செய்து, சைக்கிளைக் கவிழ்த்து, தொண்டை வறளச் சொல்லி, என் மாப்பிள்ளையை அவர் மகளுக்கு நானே முடித்துக் கொடுத்திருக்கிறேன்!

கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்றேன். பெண்ணுக்கு அத்தை மகள் நான், போகாவிட்டால் ஊர் என்ன பேசும் என்று இழுத்துக்கொண்டு போனார்கள். பந்தலில் மாமா தோளில் பட்டு நேரியலோடு நாலு பெரிய மனுஷர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. "வெளிய பாத்தா விசிறிதான் ஓய். அதைப் பாத்து மயங்கிரப்பிடாது. உள்ள இருக்கது டர்பைன். ஜெட்டு கல்லெறியுது, இது துடுப்பு போடுது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர், "குமாஸ்தாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயம் உண்டா!" என்றார். என் முன்னாலேயே சொன்னார்கள். மாமா என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு அவர்கள் பக்கம் கையை நீட்டி, "இவியளுக்குச் சந்தனம் கொடு பிள்ளே" என்றார்.

தாலி கட்டி முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் உள்ளே அழைத்து வந்தபோது, பால் பழம் கொடுக்க என்னைத்தான் விட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு சித்தி, "இனி உனக்கு அண்ணன் முறையாக்கும், வெக்கப்படாம கொடு" என்று வேறு சொன்னாள். தம்ளரை வாங்கும்போது அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. மரியாதையாகச் சிரித்தார்.

"பி.எஸ்ஸி. வகுப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டார். "மேல படிக்கணும், இப்போ கல்யாணம் வேண்டாம்னு நீங்க சொன்னதா உங்க மாமா சொன்னாங்க. எங்க அம்மாவுக்குத்தான் ரொம்ப வருத்தம். நான்தான் சொன்னேன், அவ்வளவு நல்லாக் கேள்வி கேக்கவங்க படிக்கத்தான் வேணும்னு."

பக்கத்தில் அவள் கழுத்தில் ஈரம் காயாத மஞ்சளோடு நிற்கிறாள். "நல்லாப் போகுது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வருஷம் நாங்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து, கன்னியாகுமரி ஜில்லா என்று பெயரும் ஆன பிறகு, திருக்கார்த்திகைக்கு மாமா மகள் பம்பாயிலிருந்து வந்தாள். நேரே எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தாள். கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பம்பாயைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மைனி, அவிய வேலை முடிஞ்சு வந்தா எஞ்சினைப் பத்தியே பேசுகாவ. எனக்கு ஒரு எழவும் மண்டையில ஏறல்ல. நான் உம் கொட்டிக்கிட்டே தூங்கிருகேன். அவியளுக்கு முகம் வாடிப் போவுது. நீங்க பிஸிக்ஸ் படிச்சவியதானே, அந்த விசிறி எப்படி விமானத்தைத் தள்ளுதுன்னு கொஞ்சம் சொல்லித் தாருங்களேன். நாலு வார்த்தை திருப்பிப் பேசினா அவிய சந்தோஷப்படுவாவ."

அவள்மேல் எனக்கு ஒரு துளி கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பிசைந்த மாவில் கையை வைத்தபடியே சொன்னேன்: "எனக்கு எல்லாம் மறந்து போச்சு. உங்க அப்பாட்ட கேளு. நல்லாச் சொல்லித் தருவாவ."

மறுநாள் காலையில் வந்துவிட்டாள். முகம் பூரித்துப் போயிருந்தது. அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் காட்டினாராம், ஓலைக் காற்றாடியைக்கூட அவரே செய்தாராம், இப்போது எல்லாம் புரிந்துவிட்டதாம்.

"எங்க அப்பாவுக்கு என்ன மூளை, பாத்தியளா மைனி?" என்றாள்.

"ஆமா" என்றேன்.